பெயிண்ட் உரியாமல் ரிஃப்ளெக்டரை எடுப்பது

எங்க வீட்டு புல்லட்டில் ரெண்டு சைடு பாக்ஸ் உண்டு. பழைய போலீஸ் வண்டிகளில் பார்த்திருப்பீங்களே, அந்த மாதிரி இரும்புத் தகட்டில் அடித்த பெட்டி. பாட்டில் பச்சை எனாமல். கம்பத்தில் போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவர் 1988-இல் இரண்டு பெட்டியிலும் தூரிகையால் வேலை செய்து கொடுத்தார். வலது பெட்டியில் ஒரு திராட்சைக் குலை, மேலே இரண்டு இலை. இடது பெட்டியில் மஞ்சள் எழுத்தில் ‘உத்தமபாளையம்’.

இடது பெட்டியில் இப்போது ‘உத்தமபா’ மட்டும்தான் இருக்கு. ‘ளையம்’ மூன்று எழுத்தையும் ஒரு மார்கழி காலையில் ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்தெடுத்தது நான்தான். வலது பெட்டியில் இலை மேலே ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டரை எடுக்க அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் கை வரவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் படித்ததும், கடைசியில் போன சித்திரையில் செய்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு.

அப்பா திராட்சைத் தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் விற்கும் வேலையில் இருந்தார். சின்னமனூர், ஓடைப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க இந்த வண்டியில்தான் சுற்றினார். பெட்டிக்கு உள்ளே இன்னும் நீலக் கறை இருக்கு. அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்காக எடுத்துப்போன மயில்துத்தம். ஒரு ராத்திரி சின்னமனூர் தாண்டி எதிர்லாரி விளக்கில் கண் கூசி, ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிரெய்லரைக் கடைசி நொடியில்தான் பார்த்தாராம். மறுநாளே நாலு ரிஃப்ளெக்டர் வாங்கிவந்து, பெட்டிக்கு ரெண்டாக அவரே ஒட்டிவிட்டார். எழுத்து மேலேயா, இலை மேலேயா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

அப்படி ஆசையாக ஒட்டியதை ஏன் எடுக்கணும்? அது செத்துப்போச்சு, அதனால்.

ரிஃப்ளெக்டர் செத்ததா உயிரோடு இருக்கா என்று பார்க்க ஒரு வழி. இருட்டில் இருபது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரம் பிடித்து அடிங்க. இடுப்புயரத்தில் பிடித்து அடித்தால் நல்ல ரிஃப்ளெக்டரும் மங்கலாகத்தான் தெரியும். ஏன்னா அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை எங்கேயோ திருப்பிவிடுவதில்லை; வந்த திசைக்கே திருப்பி அனுப்புது. பின்னால் வரும் டிரைவரின் கண்ணும் அவர் வண்டி விளக்கும் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால்தான் இந்த ஏற்பாடே வேலை செய்கிறது.

பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் உள்பக்கம் குட்டிக் குட்டியாக மூலைகள் இருக்கும். அறையின் மூலையில் ரெண்டு சுவரும் தரையும் சேர்வது போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள். உள்ளே வந்த ஒளி மூன்றிலும் பட்டு வந்த வழியே போகும். 1969-இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்ததும், சந்திரயான் 3-இன் விக்ரம் லேண்டர் மேலே இருப்பதும் இதே சங்கதிதான். ஆனால் நம்ம பைக் சாமானில் அந்த முகங்களுக்குப் பின்னால் வெள்ளிப்பூச்சு கிடையாது, வெறும் காற்று. பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் இடையில் நடக்கும் முழு அகப் பிரதிபலிப்பை நம்பித்தான் அது ஒளிர்கிறது. ஓரத்தில் ஒரு விரிசல் விட்டு உள்ளே தண்ணி போனால் ஆட்டம் முடிந்தது. பகலில் பார்த்தால் சிவப்பாக அழகாகத்தான் இருக்கும். எங்க நாலில் மூன்று அப்படித்தான் கிடந்தன. உள்ளே புகுந்த தண்ணி ஓரம் வழியாகத் தகட்டுக்கும் இறங்கி, ஒரு பக்கம் துருப் புள்ளி வேற.

(நம்ம ஊர்ல இதையெல்லாம் ‘ரேடியம்’ என்றுதான் சொல்வோம். ரேடியம் ஸ்டிக்கர், ரேடியம் கடை. ஒரு காலத்தில் கடிகார முள்ளில் பூசிய ரேடியம் பெயிண்ட் தானே ஒளிரும். அந்தப் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. இதில் ரேடியமும் கிடையாது, விளக்கு அடிக்காமல் இது ஒளிரவும் செய்யாது.)

இனி விஷயத்துக்கு வருவோம். ரிஃப்ளெக்டரை இழுக்கும்போது உண்மையில் நாம் இழுப்பது ஒரு அடுக்கு வரிசையை. மேலே பிளாஸ்டிக், அடுத்து பசை, நடுவில் ஃபோம், மறுபடி பசை, அப்புறம் மஞ்சள் எழுத்து, பச்சை எனாமல், அடியில் பிரைமர், கடைசியில் இரும்பு. இழுக்கும் விசை எல்லா அடுக்குக்கும் போகும். எது பலவீனமோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். சங்கிலியில் மெலிந்த கண்ணி எது என்ற கேள்விதான். நாம எல்லோரும் ‘பசை எவ்வளவு பலமா இருக்கு’ என்று யோசிக்கிறோம். கேட்க வேண்டியது, பெயிண்டுக்கும் இரும்புக்கும் இடையில் உள்ள பிடி அந்தப் பசையைவிடப் பலமா என்பதை.

கம்பெனியில் பெயிண்ட் பண்ணி அடுப்பில் சுட்டு வந்த பெட்டி, பவுடர் கோட்டிங் பண்ணிய பெட்டி என்றால் பெரும்பாலும் பயமில்லை. பட்டறையில் தூரிகையாலோ ஸ்ப்ரேயாலோ அடித்து வெயிலில் காய்ந்தது, கீழே பழைய பெயிண்டைச் சரியாகத் தேய்க்காமல் மேலேயே அடித்தது, துரு ஏறியது என்றால் கணக்கு மாறும். சந்தேகமாக இருந்தால் பெட்டியின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதிக்கலாம். பெயிண்ட் கம்பெனிகளே செய்யும் சோதனை இது; ஐஎஸ்ஓ 2409 என்று தர எண்ணே உண்டு. பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அதுக்குக் குறுக்கே ஆறு கோடு. இருபத்தஞ்சு கட்டம் வரும். மேலே நல்ல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரிச்சுப் பாருங்க. கட்டங்கள் அப்படியே இருந்தால் தைரியமாக இறங்கலாம். எனக்கு நாலைந்து கட்டத்தின் ஓரம் டேப்போடு வந்தது. இடது பெட்டியில் நடந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

பெயிண்டின் பிடியை இன்றைக்கு நம்மால் கூட்ட முடியாது. பசையின் பிடியைக் குறைக்கலாம். அதற்குப் பசை எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும்.

டேப்பில் இருக்கும் பசை ஃபெவிகால் மாதிரி காய்ந்து பிடிப்பதல்ல. அது காய்வதே இல்லை. பாதி திரவம், பாதி ரப்பர். தகட்டின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் ஓடிப் படியும் அளவுக்கு மென்மையாக இருக்கணும், ஆனால் வழிந்து ஓடிடவும் கூடாது. 3எம் நிறுவனத்தில் இருந்த டால்குவிஸ்ட் என்பவர் இதற்கு ஒரு எல்லை வகுத்தார்: பொருளின் விறைப்பு சுமார் 0.3 மெகாபாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் தொட்டதும் ஒட்டும். இரும்பின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல் சுமார். அதாவது இரும்பைவிட ஆறு லட்சம் மடங்குக்கும் மேல் மென்மையான ஒன்றுதான் இருபது வருஷம் கம்பம் மெட்டு, குமுளி மலைப்பாதை எல்லாம் குலுங்கியும் அந்த ரிஃப்ளெக்டரைப் பிடித்து வைத்திருந்தது.

இந்தப் பாதித் திரவத்தின் குணம் வேகத்தைப் பொறுத்தது. களிமண்ணை மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென இழுத்தால் முறியும் இல்லையா, அது போல. மெதுவாக இழுத்தால் பசை நீண்டு, இழைந்து, குறைந்த விசையிலேயே விடும். வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொண்டு மொத்த விசையையும் கீழே பெயிண்டுக்குத் தள்ளும். சூடும் இதே வேலையைச் செய்யும். சூடானால் இளகும், குளிர்ந்தால் கெட்டிப்படும். சூட்டைக் கூட்டுவதும் வேகத்தைக் குறைப்பதும் பசையைப் பொறுத்தவரை ஒரே காரியம்தான் என்பதை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்ற மூவர் 1955-இல் சமன்பாடாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்க தொழிலில் மெமரியைக் கொடுத்து நேரத்தை வாங்குவோம், நேரத்தைக் கொடுத்து மெமரியை மிச்சம் பிடிப்போம். இங்கே நேரமும் வெப்பமும்.

இதை வைத்துக்கொண்டு என் மார்கழிக் காலையைப் பாருங்க. விடிகாலைக் குளிர், பசை கெட்டி. ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் செருகி ஒரே நெம்பு, அதாவது அதிக வேகம். நெம்பும்போது விசை முழுப் பரப்புக்கும் பரவாமல் ஒரு ஓரக் கோட்டில் குவியும். போதாக்குறைக்கு ஸ்க்ரூடிரைவரின் குதிங்கால் பெயிண்ட் மேலேயே ஊன்றி ஒரு குழி போட்டது. செய்யக்கூடாதது அத்தனையையும் ஒரே நொடியில் செய்திருக்கேன். ரிஃப்ளெக்டர் கையோடு வந்தது. அதன் முதுகில் ‘ளையம்’ தலைகீழாக ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மா திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒண்ணும் சொல்லலை. உள்ளே போயிட்டார்.

வலது பெட்டிக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மதியம் முழுக்க.

முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கணும். சில ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்காது. பின்னால் போல்ட் வைத்து நட்டு போட்டிருப்பாங்க. ஒட்டியதுபோலத் தெரிவதை மணிக்கணக்கில் சூடுகாட்டிவிட்டு அப்புறம் நட்டைப் பார்ப்பது பெரிய அவமானம். அடுத்து பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்க. நாலு போல்ட்தான். பெட்ரோல் டாங்க்குக்குப் பக்கத்தில் சூட்டு வேலை வேண்டாம், தகட்டைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டால் கையும் நடுங்காது. ஷாம்பு தண்ணியில் கழுவி ஓரத்து மண்ணை எடுக்கணும். அந்த மண் கிடந்தால் அப்புறம் உப்புக்காகிதமாகத் தேய்க்கும்.

சூடு எவ்வளவு வேணும்? விரலை வைத்தால் மூணு நாலு விநாடிக்கு மேல் தாங்காது என்ற அளவு போதும், அறுபது டிகிரிக்குள் இருக்கும். ஹேர் டிரையர் தாராளம். பட்டறையில் இருக்கும் ஹீட் கன் முந்நூறு டிகிரிக்கு மேலே சாதாரணமாகப் போகும். எனாமல் கொப்புளிச்சிடும், அதைத் தொடாதீங்க. ரெண்டும் இல்லையென்றால் கொதிக்கிற தண்ணியில் துணியை முக்கிப் பிழிந்து, கையுறையோடு மேலே போட்டு வைங்க. தண்ணி நூறைத் தாண்டாது என்பதால் அதில் ஒரு பாதுகாப்பு இருக்கு. எனக்குச் சித்திரை வெயில் பாதி வேலையைச் செய்தது. ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்த பச்சைப் பெட்டியில் கையே வைக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், இதை நானே யோசித்ததில் கொஞ்சம் பெருமை உண்டு. மேலேயிருந்து சூடு காட்டினால் பிளாஸ்டிக்கும் ஃபோமும் அதைத் தடுக்கும். இரண்டுமே வெப்பத்தை லேசில் கடத்தாது. பிளாஸ்டிக் வளைய ஆரம்பிக்கும்போதும் அடிப்பசை ஆறித்தான் கிடக்கும். பெட்டியைத் திறந்து உள்பக்கத்திலிருந்து, ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் சூடு காட்டினால், மெல்லிய இரும்புத் தகடு வழியாக அது நேராகப் பசைக்கே போகும். தகட்டுப் பெட்டிக்கு மட்டும்தான் இது. ஃபைபர், பிளாஸ்டிக் பெட்டிக்கு உதவாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் நூறு டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும், அதனால் அங்கே சுடுதண்ணித் துணியை லேசாக ஆறவிட்டுப் போட்டு, பொறுமையாக இருப்பதுதான் வழி.

பசை இளகியதும் நெம்பக் கூடாது, அறுக்கணும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பு ஒரு முழம் போதும். வைகை அணைப் பக்கமும் முல்லைப் பெரியாற்றிலும் மீன் பிடிக்கிற பசங்ககிட்டயே கிடைக்கும். பல் இடுக்கில் விடும் நூலும் ஆகும். கம்பி மட்டும் வேண்டாம், அது பெயிண்டில் கோடு போட்டுவிடும். நரம்பின் இரண்டு முனையையும் ரெண்டு குச்சியில் சுற்றிப் பிடித்து, ரிஃப்ளெக்டருக்கு அடியில் ஃபோமுக்குள் செலுத்தி, ரம்பம் போல இடமும் வலமும் இழுத்துக்கொண்டே முன்னே நகர்த்தணும். நரம்பு பிளாஸ்டிக்கின் முதுகை உரசிக்கொண்டு போகட்டும், பெயிண்டை அல்ல. இப்படிச் செய்யும்போது ஃபோம் நடுவில் அறுந்துபோகிறது. பெயிண்டை மேல்நோக்கி இழுக்கும் விசையே கிட்டத்தட்ட இல்லை. நடுவில் ஆறினால் மறுபடி சூடு. எனக்கு ஒரு ரிஃப்ளெக்டருக்கு இருபது நிமிஷம் ஆனது. துருப் புள்ளி இருந்த ஓரத்தில் மட்டும் பெயிண்ட் ஏற்கெனவே லேசாகத் தூக்கியிருந்ததால், அந்த இடத்தைச் சுற்றி முதலில் புது பிளேடால் மெல்ல ஒரு கோடு கீறினேன். உரிந்தாலும் அந்தக் கோட்டோடு நிற்கட்டும் என்று. நின்றது.

ஃபோம் இல்லாத மெல்லிய ரேடியம் ஸ்டிக்கருக்கு நரம்பு நுழையாது. அதைச் சூடாக்கி, ஒரு மூலையை நகத்தால் தூக்கி, மேல்நோக்கி இழுக்காமல் அது மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுக்கணும். நேர் மேலே இழுக்கும்போது தேவைப்படும் விசையில் பாதி போதும், அதுவும் தகட்டோடு கிடையாகத்தான் போகும். நிமிஷத்துக்கு ஒரு அங்குலம் என்ற வேகம் வைச்சுக்குங்க. ரொம்ப வெயில் தின்ற ஸ்டிக்கர் அப்பளம் மாதிரி பொடிப்பொடியாக உடையும். அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது, துணுக்கு துணுக்காகத்தான் எடுக்கணும்.

பிறகு மீதிப் பசை. இங்கேதான் நிறையப் பேர் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்கிறார்கள். பட்டறையில் கேட்டால் தின்னர் போடு என்பார்கள், பெட்ரோல் போடு என்பார்கள். கையால் எழுதிய எனாமல் எழுத்து மேல் தின்னரும் அசிட்டோனும் படக் கூடாது. எனாமல் எண்ணெய்ப் பிசினால் ஆனது. காற்றிலுள்ள ஆக்சிஜனால் காய்ந்து இறுகியது. அவை பட்டால் ஊறி, தோல் போலச் சுருங்கும். நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்திலும் பல சமயம் அசிட்டோன்தான். ஏபிஎஸ் பெட்டி என்றால் பிளாஸ்டிக்கையே அது கரைக்கும். பெட்ரோல் எழுத்தையும் கொஞ்சம் இளக்கும், தீயும் பிடிக்கும்.

பெரிய ஃபோம் திட்டுகளைச் சூடு இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்துவிடலாம். சப்பாத்தி மாவு கையில் ஒட்டினால் உருட்டுவோமே, அப்படி. ஏற்கெனவே உருண்ட பசை உருண்டையை வைத்தே மீதியை ஒத்தி எடுக்கலாம். பசைக்குப் பசைதான் நல்ல காந்தம். அதுக்கும் வராததுக்கு, மலிவு டேப்பின் ரப்பர் பசை என்றால் மண்ணெண்ணெய் கொஞ்சம் துணியில் தொட்டு, முதலில் மூடிக்கு உள்பக்கம் சோதித்துவிட்டுத் தடவலாம். அக்ரிலிக் பசை மண்ணெண்ணெய்க்கு அவ்வளவாக மசியாது. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி விரல் உருட்டல். கடைசியில் ஷாம்பு தண்ணி. எனக்கு மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. கட்டைவிரல் ரெண்டு நாள் வலித்தது.

பசையெல்லாம் போனதும் வரும் அடுத்த அதிர்ச்சி, ரிஃப்ளெக்டர் இருந்த இடத்தில் ஒரு வட்டம் தெரிவது. அது சேதமல்ல. சுற்றியுள்ள பெயிண்டை இத்தனை வருஷ வெயில் வெளுத்து, மேல்தோலைச் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆக்கியிருக்கு. மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கு. வெறும் நிறப் பெட்டி என்றால் மெல்லிய பாலிஷ் காம்பவுண்டை வைத்துச் சுற்றுப்புறத்தைத் தேய்த்தால் வெளுத்த தோல் போய் வித்தியாசம் குறையும். எழுத்தோ படமோ இருந்தால் அதன் மேலே தேய்க்காதீங்க. தூரிகைக் கோட்டின் தடிமன் ரொம்பக் குறைவு.

நான் தேய்க்கவே இல்லை. வட்டத்துக்குள்ளே 1988-ஆம் வருஷத்துப் பாட்டில் பச்சை அப்படியே இருக்கு, சுத்தியிருக்கிற வெளிறிய பச்சையைப் பார்த்து நாங்க அதை மறந்தே போயிருந்தோம். இலைக்கு அவர் இளமஞ்சளில் நரம்பு வரைந்திருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. மத்த இலையில் அந்த நரம்பெல்லாம் வெயிலில் கரைந்து போச்சு.

ரிஃப்ளெக்டர் இல்லாமல் வண்டியை விடவும் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 104-ஆம் விதி இதைப் பற்றியதுதான். இருசக்கர வண்டிக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். மட்கார்டில் இருக்கும் கம்பெனி ரிஃப்ளெக்டர் அதற்குப் போதும், அதைக் கழற்றாதீங்க. ஆனால் கார்த்திகை, மார்கழியில் குமுளி ரோட்டில் ராத்திரி ஓட்டியவர்களுக்குத் தெரியும், சபரிமலை வண்டிகள் வரிசையாக வரும்போது டெயில் பல்பு ஒன்று போனால் என்ன ஆகும் என்று. பேட்டரியும் வயரும் இல்லாமல் வேலை செய்வது ரிஃப்ளெக்டர் ஒன்றுதான். அதனால் பெட்டியைத் தாங்கும் கம்பிச் சட்டத்தில் சின்னத் தகடு ரெண்டு வெல்டு பண்ணி, அதில் போல்ட் போட்ட ரிஃப்ளெக்டர் மாட்டிவிட்டேன். பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் ஆரஞ்சு. இனி மாற்றுவதென்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.

இடது பெட்டியில் உரிந்த இடத்துக்குப் பிரைமர் மட்டும் அடித்திருக்கேன், துரு ஏறக் கூடாதே. ‘ளையம்’ எழுதித்தர ஆள் தேடுகிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகை பிடிக்கிறவர்கள் அருகிவிட்டார்கள். கம்பத்தில் ஒருவர், கோயில் சுவர்களுக்கு எழுதுபவர், பெட்டியைப் பார்த்துவிட்டு “எழுத்து இவர் மாதிரி வராது தம்பி, என் எழுத்துலதான் வரும்” என்றார். அம்மாவைக் கேட்டேன். “எழுதட்டும், ரெண்டு பேர் எழுதுனதா இருந்துட்டுப் போகுது” என்றார். ஆவணியில் கொண்டுபோகணும்.